கோப்பு எழுதினவர் கையெழுத்துப் போட்ட கதை

வெளியுறவுக் கொள்கைன்னா டெல்லியில கோட்டு சூட்டு போட்டவங்க கை குலுக்குறதுன்னுதான் நம்மள்ல பாதிப்பேர் நினைக்கிறோம். நெய்வேலிக்காரங்க அப்படி நினைக்கக் கூடாது. 1956-ல என்.எல்.சி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இந்த நிலக்கரி தேறுமான்னு ஆராய்ஞ்சு அறிக்கை கொடுத்தது லண்டன் பவல் டஃப்ரின் கம்பெனி. 1962-ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில வந்தது. சுரங்கத்துல மேல்மண்ணை வெட்டி எடுத்த ராட்சச சக்கர எந்திரங்கள் ஜெர்மனிக்காரன் சரக்கு. பனிப்போர் உச்சத்துல இருந்த காலத்துல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சண்டை போடாம பேசத் தெரிஞ்ச ஆளுங்க டெல்லியில இருந்ததாலதான் இங்கே கரண்ட் வந்துச்சு. பாடப்புத்தகத்துல 'கூட்டுசேராக் கொள்கை'ன்னு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சோமே, அதோட செங்கல் சிமெண்ட் வடிவம்தான் நம்ம டவுன்ஷிப்.

அந்த 600 மெகாவாட் ரஷ்ய மின் நிலையத்தை 2020-ல மூடிட்டாங்க. அது மூடுறப்போ இந்தியாவோட வெளியுறவு அமைச்சரா இருந்தவர், தன்னோட முதல் வெளிநாட்டு வேலையை மாஸ்கோவுல ஆரம்பிச்சவர். சுப்ரமணியம் ஜெய்சங்கர். இந்தப் பதிவு அவரோட கதை. அரசியல் பதிவு இல்லை, வரலாறு. (அரசியல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், தவிர்க்க முடியாது.)

அப்பா

மகன் கதையை அப்பாகிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும். கே. சுப்ரமணியம் 1929-ல திருச்சியில பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில வேதியியல் படிச்சவர். 1951-ல ஐ.ஏ.எஸ். ஆளு என்னவோ நம்ம கேடர்தான், ஆனா மனசு முழுக்க ராணுவம், அணுகுண்டு, பாதுகாப்புன்னு போயிடுச்சு. டெல்லியில பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தோட இயக்குநரா இருந்தார். இந்தியா அணுகுண்டு வச்சிருக்கணும்னு பல வருஷமா எழுதிக்கிட்டே இருந்தார். 1999 கார்கில் போருக்கு அப்புறம் எங்கே கோட்டை விட்டோம்னு ஆராய வாஜ்பாய் அரசு போட்ட குழுவுக்குத் தலைவர் இவர்தான். அதே வருஷம் பத்மபூஷண் கொடுத்தாங்க, வேண்டாம்னுட்டார். அதிகாரிகளும் பத்திரிகைக்காரங்களும் அரசாங்கத்துகிட்ட விருது வாங்கக் கூடாதுங்கிறது அவர் கட்சி.

மூணு பசங்க. ஒருத்தர் ஐ.ஏ.எஸ். ஆகி ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் வரைக்கும் போனார். இன்னொருத்தர் சஞ்சய் சுப்ரமணியம், வாஸ்கோடகாமா பத்தியும் போர்த்துக்கீசியர் பத்தியும் எழுதின உலகப் புகழ் பெற்ற வரலாற்று ஆசிரியர். இன்னொருத்தர்தான் நம்ம கதாநாயகர். வீட்டுல சாப்பாட்டு மேஜையில என்ன பேசியிருப்பாங்கன்னு நினைச்சாலே பயமா இருக்கு :-)

ஜெய்சங்கர் 1955-ல டெல்லியில பிறந்தார். செயிண்ட் ஸ்டீபன்ஸ்ல வேதியியல். அங்கேருந்து ஜே.என்.யூ.; அரசியல் அறிவியல், பிறகு சர்வதேச உறவுகள்ல முனைவர் பட்டம், அதுவும் அணுசக்தி ராஜதந்திரத்துல. அப்பா வேதியியல் படிச்சு அணுகுண்டு பக்கம் போனார், புள்ளையும் வேதியியல் படிச்சு அதே பக்கம். 1977-ல ஐ.எஃப்.எஸ்.

மாஸ்கோவுல இருந்து கொழும்பு

1979-ல மாஸ்கோ தூதரகத்துல மூன்றாம் செயலர். தூதரகத்துல கீழ்ப்படியில இருக்கிற ராஜதந்திர வேலை. மொழி கத்துக்கணும், ரிப்போர்ட் எழுதணும், பெரியவங்க வந்தா விமான நிலையத்துக்கு ஓடணும். அவர் போய் இறங்கின சில மாசத்துலயே, 1979 டிசம்பர்ல, சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள போயிடுச்சு. நண்பன் தப்பு பண்ணும்போது வெளிப்படையா திட்டவும் முடியாம, சரின்னு சொல்லவும் முடியாம இந்தியா நெளிஞ்ச நெளிசலை, இருபத்தி நாலு இருபத்தஞ்சு வயசுல அங்கேயே இருந்து பார்த்திருக்கார். 2022-ல உக்ரைன் போர் வந்தப்ப அதே நெளிசல் திரும்ப வந்துச்சு. அப்போ அமைச்சர் அவரேதான்.

1981-ல டெல்லி. அமெரிக்கப் பிரிவுல வேலை. அப்போ பெரிய தலைவலி தாராப்பூர். அமெரிக்கா கட்டிக்கொடுத்த அணு மின் நிலையம். 1974-ல நாம பொக்ரான்ல குண்டு வெடிச்சதும் எரிபொருள் கொடுக்க மூக்கால அழுதாங்க, 1978-ல புதுச் சட்டமே போட்டாங்க. கடைசியில 1982-ல பிரான்ஸ்கிட்ட வாங்கிக்கலாம்னு தீர்வு வந்துச்சு. அந்தக் கோப்புகளோட மல்லுக்கட்டினவங்கள்ல இவரும் ஒருத்தர். அந்தக் காலத்துலயே ஜி. பார்த்தசாரதிகிட்டயும் உதவியாளரா இருந்தார். ஜி.பி.ன்னா யார்னு புதுப் பதிவர்களுக்கு: கோபாலசாமி ஐயங்காரோட மகன், ராஜதந்திரி, இந்திரா காந்திக்கு ரொம்ப நெருக்கம். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் ஜெயவர்த்தனே அரசோட பேச இந்திரா அனுப்பின தூதர் இவர்தான்.

பிறகு 1985-ல இருந்து 88 வரைக்கும் வாஷிங்டன். 1988-ல கொழும்பு.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். கொழும்புல அவர் முதல் செயலர், அதோட இந்திய அமைதிப்படைக்கு அரசியல் ஆலோசகர். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அமைதி காக்கப் போன படை, அதே வருஷம் அக்டோபர்ல புலிகளோட சண்டையில இறங்கிடுச்சு. 1990 மார்ச்ல திரும்பி வர்றதுக்குள்ள ஆயிரத்துக்கும் மேல நம்ம ஜவான்கள் செத்தாங்க. அங்கே செத்த தமிழ்ப் பொதுமக்கள் கணக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாத புண். திரும்பி வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகலை. சென்னையில உட்கார்ந்து பேப்பர் படிச்சவங்களுக்கே அந்த வருஷங்கள் மறக்காது. உள்ளேயே இருந்த ஒரு தமிழ் அதிகாரிக்கு அது என்னவா இருந்திருக்கும்?

ஒண்ணு மட்டும் சொல்லலாம். பக்கத்து நாட்டு விவகாரத்துல படையை அனுப்புறது சுலபம், திரும்பக் கூட்டி வர்றதுதான் கஷ்டம்னு அந்தத் தலைமுறை அதிகாரிகள் எல்லாரும் அங்கேதான் படிச்சாங்க. 2022-ல இலங்கை திவாலானப்போ இந்தியா அனுப்பினது டீசல், மருந்து, அரிசி, கடன். மொத்தம் சுமார் 400 கோடி டாலர். சிப்பாய் ஒருத்தர்கூட போகலை.

அப்பா கேட்ட குண்டு, மகன் வாங்கின அடி

1990-ல ஹங்கேரி, புடாபெஸ்ட். வணிகப் பிரிவு. கம்யூனிசம் உடைஞ்சு விழுந்துக்கிட்டிருந்த நேரம். அதுவரைக்கும் கிழக்கு ஐரோப்பாவோட நமக்கு ரூபாய்க் கணக்கு வர்த்தகம், டாலர் தேவையில்லை. 1991-ல சோவியத் யூனியனே காணாமப் போச்சு, அந்த ஏற்பாடும் போச்சு. அங்கேருந்து டெல்லிக்கு வந்து கிழக்கு ஐரோப்பியப் பிரிவு, குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவுக்குப் பத்திரிகைச் செயலர், உரை எழுதிக் கொடுக்கிறவர்.

1996-ல டோக்கியோ, தூதருக்கு அடுத்த இடம். 1998 மே 11, 13-ல பொக்ரான்ல மறுபடியும் வெடிச்சாங்க. அணுகுண்டு விழுந்த ஒரே நாடு ஜப்பான். அவங்க கோபத்தைச் சொல்லணுமா? புதுக் கடன், உதவி எல்லாத்தையும் நிறுத்தினாங்க. அப்பா இங்கே டெல்லியில தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர். 1999-ல அந்தக் குழுதான் அணு ஆயுதக் கொள்கையோட வரைவை எழுதுச்சு. மகன் டோக்கியோவுல கதவு கதவா தட்டி 'நாங்க பொறுப்பான ஆளுங்கதான்'னு சொல்லிக்கிட்டிருந்தார். ஒரே குடும்பத்துல ஒருத்தர் குண்டுக்கு நியாயம் எழுத, இன்னொருத்தர் அதுக்கு வந்த வசவை வாங்க... சினிமாவுல காட்டினா நம்ப மாட்டோம். 2000 ஆகஸ்ட்ல ஜப்பான் பிரதமர் மோரி இந்தியா வந்தார், பனி உருக ஆரம்பிச்சுது.

அடுத்து செக் குடியரசுக்குத் தூதர். 2004-ல டெல்லி திரும்பி அமெரிக்கப் பிரிவு இணைச் செயலர். இங்கேதான் அவர் பேர் வெளியே தெரிய ஆரம்பிச்சுது.

2005: ரெண்டு பேர்

2005 ஜூலை 18. வாஷிங்டன்ல மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டாங்க. சிவில் அணுசக்தி ஒப்பந்தத்தோட பிள்ளையார் சுழி அது. அன்னிக்கு வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங். அதிகாரிகள் அணியில ஜெய்சங்கர்.

இதுல என்ன விசேஷம்னா, நட்வர் சிங்கும் ஐ.எஃப்.எஸ்.காரர்தான். 1953 பேட்ச். பாகிஸ்தானுக்குத் தூதரா இருந்தவர். 1984-ல வேலையை விட்டுட்டு காங்கிரஸ்ல சேர்ந்தார், பரத்பூர் தொகுதியில நின்னு ஜெயிச்சார். 1985-ல ராஜீவ் அவரை இணையமைச்சர் ஆக்கினப்போ கொடுத்த துறைகள்ல ஒண்ணு நிலக்கரி. (ஆமாங்க, நம்ம துறை!) அப்புறம்தான் வெளியுறவுத் துறைக்கு இணையமைச்சரா போனார். 2004-ல கேபினட் அமைச்சர். ஆனா ஒன்றரை வருஷம்தான். ஈராக் எண்ணெய் விவகாரத்துல வோல்க்கர் அறிக்கையில பேர் வந்து, 2005 நவம்பர்ல துறை போச்சு, டிசம்பர்ல பதவியே போச்சு. கடைசி வரைக்கும் தான் தப்பே பண்ணலைன்னு சொல்லிக்கிட்டே இருந்து, 2024 ஆகஸ்ட்ல காலமானார்.

ஆக, ராஜதந்திரி வேலையில இருந்து கேபினட் வெளியுறவு அமைச்சர் நாற்காலிக்குப் போனவங்க ரெண்டு பேர். 2005 ஜூலையில அந்த ரெண்டு பேரும் ஒரே வேலையில இருந்தாங்க. ஒருத்தர் அமைச்சர், இன்னொருத்தர் அவருக்குக் கோப்பு எழுதுற இணைச் செயலர். பதினாலு வருஷம் கழிச்சு நாற்காலி மாறும்னு அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க.

ஒப்பந்த வாசகங்கள் 2007-ல முடிவாச்சு. இடதுசாரிகள் ஆதரவை விலக்கி, 2008 ஜூலை 22-ல மன்மோகன் அரசு 275-256னு தப்பிச்சு, அக்டோபர்ல கையெழுத்தாச்சு. அதுக்குள்ள ஜெய்சங்கர் சிங்கப்பூருக்குத் தூதரா போயாச்சு. அதிகாரி வாழ்க்கையே அப்படித்தான். விதைக்கிறப்ப நாம, அறுக்கிறப்ப வேற ஆளு.

நாற்காலி விளையாட்டு

2009-ல இருந்து 2013 வரைக்கும் சீனா, நாலரை வருஷம். வேற எந்த இந்தியத் தூதரும் அங்கே அவ்வளவு காலம் இருந்ததில்லை. 2011 நவம்பர்ல குஜராத் முதல்வரா மோடி சீனா வந்தப்போ அங்கே தூதர் இவர்தான். 2013 டிசம்பர்ல வாஷிங்டன். போன நேரம், நியூயார்க்ல நம்ம துணைத் தூதரகப் பெண் அதிகாரி தேவயானி கோப்ரகடேயைக் கைது பண்ணி ரெண்டு நாடும் முட்டிக்கிட்டிருந்த நேரம். அதைச் சரி பண்ணி, 2014 செப்டம்பர்ல பிரதமர் மோடியோட முதல் அமெரிக்கப் பயணத்தை நடத்தி, 2015 குடியரசு தினத்துக்கு ஒபாமா வந்துட்டுப் போன ரெண்டே நாள்ல வெடிச்சது அடுத்த குண்டு. வெளியுறவுச் செயலர் சுஜாதா சிங்கின் பதவிக்காலத்தைப் பாதியில முடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷப் பதவியில இன்னும் சில மாசம் பாக்கி இருந்துச்சு. அந்த இடத்துக்கு ஜெய்சங்கர். அவர் ஓய்வு பெற சில நாள்தான் இருந்துச்சு.

இது முதல் தடவை இல்லை. 1987 ஜனவரியில ராஜீவ் காந்தி பத்திரிகையாளர் சந்திப்புல, சீக்கிரமே புது வெளியுறவுச் செயலர் வருவார்னு போகிற போக்குல சொன்னார். அப்போ செயலரா இருந்த ஏ.பி. வெங்கடேஸ்வரன் அதே ஹால்ல உட்கார்ந்திருந்தார். அன்னிக்கே ராஜினாமா. பெரிய நாற்காலிதான், ஆனா எப்போ யார் இழுப்பாங்கன்னு தெரியாது.

மூணு வருஷம் செயலர். 2015-ல வங்கதேசத்தோட நிலப் பரிமாற்றம், 2017-ல டோக்லாம்ல 73 நாள் சீனப் படையோட முறைச்சல், ரெண்டும் அவர் காலத்துல. 2018 ஜனவரியில ஓய்வு. ஏப்ரல்ல டாடா குழுமத்துல பெரிய பதவி. ஓய்வு பெற்ற அதிகாரி தனியார் கம்பெனிக்குப் போக ஒரு வருஷம் பொறுக்கணும்ங்கிறது விதி. அவருக்கு அரசு விலக்கு கொடுத்துச்சு. 2019 ஜனவரியில பத்மஸ்ரீ. அப்பா வேண்டாம்னு சொன்ன அரசு விருது வரிசையில ஒண்ணை மகன் வாங்கிக்கிட்டார். சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க.

2019 மே 30. சுஷ்மா ஸ்வராஜ் பார்வையாளர் வரிசையில உட்கார்ந்திருக்க, மேடையில ஜெய்சங்கர் பதவி ஏத்துக்கிட்டார். எம்.பி. கிடையாது, கட்சி உறுப்பினர்கூட கிடையாது. ஆறு மாசத்துக்குள்ள எம்.பி. ஆகணும்ங்கிறதால ஜூலையில குஜராத்துல இருந்து ராஜ்யசபா. வெளியுறவுச் செயலரா இருந்து வெளியுறவு அமைச்சர் ஆன முதல் ஆள். 2024 ஜூன்ல மறுபடியும் அதே துறை.

நம்மாளா?

அவர் அமைச்சர் ஆன அன்னிக்கு 'வெளியுறவுத் துறைக்கு ஒரு தமிழர்'னு நம்ம பக்கத்துல மத்தளம் கொட்டினாங்க. தமிழர்கள் வெளியுறவு அமைச்சர் ஆகிறது புதுசா என்ன? யாழ்ப்பாணத்துல பிறந்த ராஜரத்தினம் 1965-ல சிங்கப்பூரோட முதல் வெளியுறவு அமைச்சர்; அவர் பத்திரிகையாளரா இருந்தவர். இலங்கையில லட்சுமண் கதிர்காமர், வழக்கறிஞர். 2005 ஆகஸ்ட்ல பதவியில இருக்கும்போதே சுட்டுக் கொன்னாங்க. அவங்க ரெண்டு பேரும் தன்னைத் தமிழன்னு சொல்லி அந்த நாற்காலியில உட்காரலை. அந்த நாற்காலியும் அப்படி உட்கார விடாது.

ஜெய்சங்கரோட விஷயத்துல அது எங்கே உரசுதுன்னா, கச்சத்தீவுல. 2024 ஏப்ரல் 1, தேர்தல் நேரம். டெல்லியில பத்திரிகையாளர் சந்திப்பு வச்சு, 1974-ல கச்சத்தீவு எப்படிப் போச்சு, கருணாநிதிக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு கோப்புகளை வச்சுப் பேசினார். 20 வருஷத்துல 6184 மீனவர்களை இலங்கை பிடிச்சிருக்கு, 1175 படகுகளைப் பறிச்சிருக்குன்னு கணக்கும் சொன்னார். ஆனா அதே வெளியுறவுத் துறை, 2015 ஜனவரியில தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டப்போ, இதுல நிலம் கொடுத்ததும் இல்லை வாங்கினதும் இல்லை, எல்லை அதுவரைக்கும் வரையறுக்கப்படாமத்தான் இருந்துச்சுன்னு பதில் கொடுத்திருக்கு. ப. சிதம்பரம் உடனே அதைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு இதுல கட்சி சண்டை முக்கியமில்லை. அதிகாரிக்கும் அமைச்சருக்கும் உள்ள வித்தியாசம் இதைவிட அழகா வேற எங்கேயும் தெரியலை. அதிகாரி கோப்புல எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையையும் எடை போடுவார், ஏன்னா நாளைக்கு எதிர் நாட்டுக்காரன் அதை எடுத்து நீட்டுவான். அமைச்சர் மேடையில பேசும்போது எதிரே இருக்கிறது ஓட்டு. நாற்பது வருஷம் முதல் வேலையைப் பழகினவர் ரெண்டாவது வேலைக்கு வந்தா, பழைய கோப்பு புது மேடையில ஆயுதம் ஆயிடுது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். 2022 ஜூன்ல ஸ்லோவாக்கியாவுல ஒரு மேடையில, ஐரோப்பாவோட பிரச்சினை உலகத்தோட பிரச்சினை, உலகத்தோட பிரச்சினை ஐரோப்பாவோட பிரச்சினை இல்லைங்கிற நினைப்பை அவங்க விடணும்னு பேசினாரே, அதை மூன்றாம் செயலர்ல இருந்து படிப்படியா ஏறி வந்த ஒருத்தர்தான் அவ்வளவு அலட்டாம சொல்ல முடியும். போருக்கு முன்னாடி நாம வாங்கின கச்சா எண்ணெய்ல ரஷ்யா பங்கு 2 சதவீதம்கூட இல்லை. 2023-ல மூணுல ஒரு பங்குக்கு மேல. ஊர் உலகமே திட்டுச்சு, இவர் ஐரோப்பா வாங்குற எரிவாயுக் கணக்கை எடுத்துப் போட்டார். கோப்பு தெரிஞ்ச ஆளுக்கு அது கைவந்த கலை. சீனாவும் அப்படித்தான். 2020 ஜூன்ல கல்வான்ல 20 வீரர்கள் செத்தாங்க. ரோந்து பத்தி ஓர் உடன்பாட்டுக்கு வர 2024 அக்டோபர் ஆச்சு. நாலு வருஷத்துக்கும் மேல பொறுமையா ஒரே பேச்சைப் பேச அதிகாரிப் பயிற்சி வேணும்.

ஆனா ராமேஸ்வரத்துல வலையைக் காணோம், படகைக் காணோம்னு நிக்கிற மீனவருக்கு இதெல்லாம் என்ன? அவருக்கு அமைச்சர் பிடிக்கலைன்னா எங்கே போய் எதிர்த்து ஓட்டுப் போடுவார்? ஜெய்சங்கர் எந்தத் தொகுதியிலயும் நிக்கலை. நட்வர் சிங்கும் 2004-ல அமைச்சர் ஆனப்போ ராஜ்யசபாதான். திறமையான அதிகாரியை அமைச்சர் ஆக்கினா வேலை தெரிஞ்ச ஆளு கிடைப்பார், சந்தேகமே இல்லை. கேள்வி கேட்கிற ஜனம்தான் அவருக்குக் கிடைக்காது. அதிகாரியா இருந்தவரைக்கும் அமைச்சருக்குப் பதில் சொன்னார். அமைச்சர் ஆன பிறகு, தன்னை நாற்காலியில உட்கார வச்ச பிரதமருக்குப் பதில் சொல்றார். நடுவுல ஜனங்க இடம் எது?

அதனால 'நம்மாளு'ன்னு கொண்டாடுறதும் வேண்டாம், 'தமிழனா இருந்துக்கிட்டு'ன்னு வையுறதும் வேண்டாம். திருச்சிக்காரர் மகன், டெல்லிவாசி, குஜராத் எம்.பி., இந்திய அமைச்சர். அவரைக் கேட்க வேண்டிய கேள்வி அவர் என்ன மொழி பேசுவார்ங்கிறது இல்லை. கொழும்புல அமைதிப்படைக்கு ஆலோசகரா ரெண்டு வருஷம் இருந்தவருக்கு, பாக் நீரிணையோட ரெண்டு கரையிலயும் இருக்கிறவங்க வயிறு என்னன்னு டெல்லியில வேற யாரையும்விட நல்லாத் தெரியும். இந்தப் பக்கம் படகு போகுது, அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மீனவர் வலை நம்ம இழுவைப் படகுல அறுபடுது. இந்தக் கோப்பை முடிக்கிறதுக்கு அவரைவிடத் தகுதியான ஆளு கிடையாது. அதை முடிச்சா வரலாறு அவரை அமைச்சர்னு சொல்லும். முடிக்கலைன்னா, நல்ல வெளியுறவுச் செயலர்னு சொல்லும்.

டிஸ்கி: அவருக்கு அப்பா அம்மா வச்ச பேருக்கும் நம்ம 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஜெய்சங்கருக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க. 1955-ல நம்ம ஜேம்ஸ்பாண்ட் சினிமாவுக்கே வரலை :-)